பள்ளிப் பையில் வரும் கடிதம்
பிள்ளைகளின் படிப்பில் பெற்றோரின் பங்கு: பெற்றோருக்கான உரையின் எழுத்து வடிவம்



நான் மருத்துவர் அல்ல, ஆசிரியரும் அல்ல. மொழிபெயர்ப்பாளர். பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்துவிட்டு, பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சுகாதாரத் தகவல்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்து வருகிறேன். பலதுறை மருந்தகத்தில் உங்கள் எண் வரும்வரை நீங்கள் புரட்டிப் பார்க்கும் தமிழ்க் கையேடுகளில் சில என் மேசையைக் கடந்து வந்தவை. சமூக மன்றம் ஒன்றில் பெற்றோர் முன் நான் பேசியதைத்தான் இங்கே எழுத்தில் தருகிறேன். வேலை காரணமாக அன்று வர முடியாத உங்களுக்காக இது.

என்னைப் பேச வைத்தது ஒரு தாயாரின் கேள்வி. இதற்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியில், எல்லாரும் கிளம்பிய பிறகு என்னிடம் வந்தார். "படிச்சவங்க தங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாங்க. எனக்கு இங்கிலீஷ் வராது. அறிவியல், கணக்கு எல்லாம் அதுலதான் இருக்கு. நான் என்னம்மா செய்ய முடியும்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

நான் மறைத்த ஒரு கடிதம்

என் அப்பா லாரி ஓட்டுநர். அம்மா மாலை நேரங்களில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போவார். அம்மா தமிழை நன்றாகப் படிப்பார். நாளிதழில் மரண அறிவிப்பு வரைக்கும் விடமாட்டார். ஆனால் ஆங்கிலக் கடிதங்கள் வந்தால் அது என் வேலை. மின்கட்டண ரசீது, நகர மன்றக் கடிதம், பள்ளிச் சுற்றறிக்கை எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்தே நான்தான் வாசித்துத் தமிழில் சொல்வேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

தொடக்கநிலை 3இல் பள்ளியில் உடல்நலப் பரிசோதனை நடந்தது. கண் பரிசோதனை அட்டையில் மேல் வரிசைகளுக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியவில்லை. கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பிள்ளையின் பார்வையை மீண்டும் சோதிக்க அழைத்துச் செல்லுங்கள் என்று அதில் இருந்தது. வீட்டில் அம்மா, "என்ன லெட்டர் இது?" என்று கேட்டார். "பள்ளியில உடம்பைச் சோதிச்சாங்க. எல்லாம் நல்லா இருக்காம். கையெழுத்துப் போடணுமாம்" என்றேன். அம்மா கையெழுத்துப் போட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்குச் சில நாள் முன்னால், இரவில் அம்மாவும் அப்பாவும் சமையலறையில் உட்கார்ந்து பணக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பையனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. எனக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்று கேட்டால், பட்டப்பெயர்தான் என்று ஒப்புக்கொள்வேன்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் பக்கத்தில் இருந்த தோழியின் புத்தகத்தைப் பார்த்தே எழுதினேன். பலகையில் 3உம் 8உம் ஒன்றுபோலத் தெரியும். கணக்கில் மதிப்பெண் சரிந்தது. எனக்குக் கவனமில்லை, சோம்பல் என்று அம்மா முடிவுசெய்தார். பாவம், அவருக்கு வேறு எப்படித் தெரியும்? கூடுதலாகப் பயிற்சி நூல்கள் வாங்கினார். அந்தப் பணத்தில் ஒரு கண்ணாடி வாங்கியிருக்கலாம். இரவு வேலை முடித்து வந்து, பத்தரை மணி வரை என்னை எழுப்பி உட்கார வைத்து அவற்றைச் செய்ய வைத்தார். தூக்கமும் போயிற்று, மதிப்பெண்ணும் ஏறவில்லை.

பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் வகுப்பாசிரியர் ஆங்கிலத்தில் சொன்னதை நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்து அம்மா தமிழாசிரியையிடம் போய் உட்கார்ந்தார். அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. "பலகையில இருக்கிறதைத் தப்புத் தப்பாப் பார்த்து எழுதுறா. கண்ணைச் சோதிச்சீங்களாம்மா?" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது அம்மா திட்டவில்லை. "எவ்வளவு நாளா கண்ணு தெரியல?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே கண்ணாடி வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, பேருந்து அருகில் வருவதற்கு முன்பே அதன் எண்ணை என்னால் படிக்க முடிந்தது. மற்றவர்களுக்கு எப்போதுமே அப்படித்தான் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடிதங்களைப் பிள்ளையிடம் விடாதீர்கள்

பிள்ளையை உங்கள் மொழிபெயர்ப்பாளராக ஆக்காதீர்கள் என்றுதான் அந்தத் தாயாருக்கு இன்று முதலில் சொல்வேன். மொழிபெயர்ப்பையே தொழிலாகச் செய்பவள் சொல்கிறேன். தன்னைப் பற்றிய செய்தியைத் தானே மொழிபெயர்க்கும்போது பெரியவர்களே நேர்மையாக இருப்பது சிரமம். பத்து வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இப்போது பள்ளிக் கடிதங்கள் பெரும்பாலும் பையில் வருவதில்லை. 'பேரன்ட்ஸ் கேட்வே' செயலி வழியாக உங்கள் திறன்பேசிக்கு வருகின்றன. பல வீடுகளில் அந்தச் செயலி அப்பாவின் திறன்பேசியில் மட்டும் இருக்கிறது. அப்பா ஷிஃப்ட் வேலையில் இருப்பார். கடிதம் மூன்று நாள் அப்படியே கிடக்கும். அம்மாவின் திறன்பேசியிலும் அதைப் பதிவிறக்கம் செய்யுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் திறன்பேசியின் மொழிபெயர்ப்பு வசதியைப் பயன்படுத்தலாம். ஒட்டுமொத்தப் பொருள் தெரிந்துவிடும். ஆனால் 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டையும் அது மாற்றிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி, ஒவ்வாமை, பரிசோதனை தொடர்பான கடிதம் என்றால் பள்ளி அலுவலகத்தை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

ஆசிரியரைச் சந்திக்கப் போகும்போது, தமிழ் பேசுபவர் ஒருவர் உடன் இருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் பிள்ளை தமிழ் படித்தால், தமிழாசிரியரைக் கட்டாயம் சந்தியுங்கள். தமிழ் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும்தான் அவரிடம் பேச வேண்டும் என்பதில்லை. வகுப்பில் எப்படி இருக்கிறான், யாரோடு சேருகிறாள், பலகை தெரிகிறதா என்று அவரிடம் உங்கள் மொழியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

பார்வை

நம் நாட்டில் தொடக்கநிலை 6ஐ முடிக்கும்போது பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. இது எத்தனை இளம் வயதில் தொடங்குகிறதோ, அத்தனை ஆண்டுகள் கூடிக்கொண்டே போகிறது. 500 டிகிரியைத் தாண்டிய கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் போன்ற சிக்கல்கள் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் இதை வெறும் கண்ணாடிப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம்.

வெளிச்சம்தான் நம் கையில் இருக்கும் நல்ல தடுப்பு. ஒரு நாளில் சுமார் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில், வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைகிறது. இரண்டு மணி நேரமா என்று திகைக்க வேண்டாம். பள்ளியிலிருந்து நடந்து வருவதும் கணக்கு, புளோக்கின் விளையாட்டுத் திடலில் அரை மணி நேரமும் கணக்கு, சனிக்கிழமை பூங்காவில் சைக்கிள் ஓட்டுவதும் கணக்கு. வாரத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்து அனுப்புங்கள். "வெயில்ல போகாதே, கறுத்துடுவே" என்ற நம் பழைய வசனத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கண்ணுக்கும் அது நல்லதில்லை, பிள்ளையின் மனத்துக்கும் நல்லதில்லை.

படிக்கும்போதும் திரையைப் பார்க்கும்போதும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்கட்டும். புத்தகம் முகத்திலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, பள்ளிப் பாடம் தவிர்த்த திரை நேரம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் வழிகாட்டல். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருவது, பலகையில் இருப்பதைத் தவறாகப் பார்த்து எழுதுவது எல்லாம் அறிகுறிகள். பள்ளிப் பரிசோதனைக்குப் பிறகு மேல் சோதனைக்கான கடிதம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். கிட்டப்பார்வை கூடும் வேகத்தைக் குறைக்க மருத்துவர் சொட்டு மருந்து தரக்கூடும். கண்ணாடிச் செலவு சிரமம் என்றால் பள்ளி அலுவலகத்தில் உதவி கேளுங்கள். என்னைப் போன்ற பிள்ளை அதை உங்களிடம் கேட்காது.

தூக்கம்தான் முதல் துணைப்பாட வகுப்பு

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம். இப்போது கணக்குப் போடுங்கள். பள்ளி ஏழரைக்குத் தொடங்குகிறது. பள்ளிப் பேருந்து ஆறரைக்குக் கீழே வந்துவிடும். பிள்ளை ஐந்தே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். அதிலிருந்து ஒன்பது மணி நேரம் பின்னால் போனால் இரவு எட்டே முக்கால். எத்தனை வீடுகளில் எட்டே முக்காலுக்குப் பத்து வயதுப் பிள்ளை தூங்குகிறது? அந்த நேரத்தில்தான் சிலர் துணைப்பாட வகுப்பிலிருந்து வீட்டுக்கே வருகிறார்கள்.

பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வைப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. பெரியவர்களுக்குத் தூக்கம் குறைந்தால் சோர்ந்துபோவார்கள். சிறு பிள்ளைகள் பல நேரம் சோர்வதில்லை. மாறாகத் துள்ளுவார்கள், எரிந்து விழுவார்கள், ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். நாம் அதைக் குறும்பு என்று நினைத்துத் திட்டுகிறோம்.

பேசும்போது ஒரு தாயார் எழுந்து, "நான் வேலை முடிச்சு வீட்டுக்கு வர்றப்ப பத்து மணி. என்னைப் பார்க்காம மகன் தூங்க மாட்டேங்கிறான். தூங்குன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அரங்கத்தில் யாரும் உடனே பேசவில்லை. பலருக்கும் இதுதான் வீட்டு நிலவரம். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அவன் காத்திருப்பது உங்களோடு இருக்கும் பத்து நிமிடத்துக்காக. அந்தப் பத்து நிமிடத்தைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். காலையில் அவன் பால் குடிக்கும்போது, திறன்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். இரவில் எட்டரைக்கு வேலையிடத்திலிருந்து ஒரு காணொளி அழைப்பில் "தூங்குப்பா, காலையில பேசுவோம்" என்று சொல்லுங்கள். முதல் வாரம் முரண்டு பிடிப்பான். காலையில் நீங்கள் உண்மையிலேயே வந்து உட்காருகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் நம்புவான். ஆகவே ஒரு காலைகூடத் தவறவிடாதீர்கள். உங்கள் தூக்கமும் கெடும்தான். இதில் செலவில்லாத வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பத்தரைக்குத் தூங்கும் பிள்ளையை நாளைக்கே ஒன்பதுக்குத் தூங்கச் சொன்னால் நடக்காது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். திறன்பேசியும் கைக்கணினியும் இரவில் படுக்கையறைக்கு வெளியே மின்னூட்டம் ஏறட்டும். இந்த விதி உங்கள் திறன்பேசிக்கும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் ஒரே வாரத்தில் பிள்ளை அதைச் சுட்டிக்காட்டிவிடும். வார இறுதியில் பகல் பன்னிரண்டு வரை தூங்கவிட்டால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் போதும்.

காலை உணவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஐந்தே முக்காலுக்கு இட்லி இறங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வாழைப்பழம், ஒரு முட்டை, முழுதானிய ரொட்டித் துண்டு இரண்டு என்று எதுவானாலும் சரி. சீனி குறைந்த பானமாகக் கொடுங்கள். போத்தலில், பெட்டியில் வரும் பானங்கள் என்றால் சி, டி என்ற நியூட்ரி-கிரேட் அடையாளம் உள்ளவற்றில் சீனியோ நிறைகொழுப்போ அதிகம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மதிப்பெண் தாள் மேசைக்கு வரும்போது

"சப்போர்ட்" என்ற சொல் நான் மொழிபெயர்க்கும் கையேடுகளில் அடிக்கடி வரும். அகராதி 'ஆதரவு' என்கிறது. ஆதரவு என்றதும் எனக்குத் தேர்தல் மேடைதான் நினைவுக்கு வருகிறது. 'துணை நிற்பது' என்று எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும். மதிப்பெண் தாள் வரும் நாளில் நீங்கள் யாருக்குத் துணை நிற்கிறீர்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

நாம் படித்த காலத்து முறை இப்போது இல்லை. தொடக்கநிலை 1, 2இல் 2019 முதல் மதிப்பெண்ணுக்கான தேர்வுகளே கிடையாது. தொடக்கநிலை, உயர்நிலை எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வும் 2023க்குள் நீக்கப்பட்டுவிட்டது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்படுகிறது. நான்கு பாடங்களையும் கூட்டினால் ஆகச் சிறந்தது 4, ஆகக் கடைசி 32. 75 வாங்கினாலும் 79 வாங்கினாலும் அடைவுநிலை 4தான். 90 வாங்கினாலும் 100 வாங்கினாலும் அடைவுநிலை 1தான். முன்பு மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. இப்போது உங்கள் பிள்ளை எழுதியதற்கு மட்டுமே அடைவுநிலை. ஆகவே, "அத்தை மகன் அந்தக் காலத்துல 245 வாங்கினான்" என்பதற்கு இன்று எந்தப் பொருளும் இல்லை. 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்கள் முதற்கொண்டு எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளும் போய்விட்டன. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று அவரவர் ஆற்றலுக்கு ஏற்ற நிலையில் படிக்கலாம். முறை மாறிவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில் பேச்சு மட்டும் மாறவில்லை.

98 வாங்கிவந்த பிள்ளையிடம் "மிச்சம் ரெண்டு எங்கே?" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறோம். நமக்கு அது விளையாட்டு. 58 வாங்கிவந்த தம்பி பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டு, தன் தாளை எங்கே ஒளிக்கலாம் என்று பார்க்கிறான். நான் கடிதத்தை மறைத்தது போல.

தாளை வாங்கியதும் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், "இதில் எந்தக் கேள்வி பிடிச்சிருந்தது? எது புரியல?" என்று கேளுங்கள். தவறான விடை ஒன்றை எடுத்து, "நீ என்ன நினைச்சு இதை எழுதின? எனக்குத் தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கத் தேவையில்லை. தெரியாமல் இருப்பதுகூட நல்லதுதான், ஏனென்றால் பிள்ளை உங்களுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டும். விளக்கும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அங்கேதான் அதற்குப் புரியவில்லை. மறுநாள் ஆசிரியரிடம் அதைக் கேட்கச் சொல்லலாம். ஒளிச்சேர்க்கையைத் தமிழில் பாட்டிக்கு விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் உண்மையிலேயே தெரியும்.

இங்கேதான் அந்தத் தாயாரின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேச வேண்டும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். பேச்சு சுருங்கிப்போகிறது. "ஈட் ஆல்ரெடி? ஹோம்வொர்க் டன்? கோ ஸ்லீப்." மூன்று வாக்கியத்தில் ஒரு நாள் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசினால் கதை வரும், காரணம் வரும், 'ஆனால்', 'ஒருவேளை', 'அப்படியென்றால்' எல்லாம் வரும். யோசிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தச் சொற்கள்தான் வேண்டும். தேக்கா சந்தையில் மீன் விலையைக் கிலோவுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ரயிலில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை எத்தனை நிறுத்தம், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். நூலகத்திலிருந்து தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

பாடத்தில் கூடுதல் உதவி தேவை என்று ஆசிரியர் சொன்னால், சிண்டாவின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன, விசாரியுங்கள். ஆனால் தூங்கும் நேரத்தையும் விளையாடும் நேரத்தையும் தின்னாத வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். நாளுக்கு ஒரு மணி நேரமாவது உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்பது பிள்ளைகளுக்கான பரிந்துரை. தேர்வு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். வெட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஞாயிறு இரவு அல்லது திங்கள் காலை மட்டும் வயிற்றுவலி, தலைவலி என்று பிள்ளை சொல்கிறதா? பிடித்த விளையாட்டில் ஆர்வம் குறைந்துவிட்டதா? சாப்பாடு, தூக்கம் மாறிவிட்டதா? நடிக்கிறான் என்று ஒதுக்காதீர்கள். மனக்கவலை உள்ள பிள்ளைக்கு உண்மையாகவே வயிறு வலிக்கும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்றால் பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். அதனால் பள்ளியில் பிள்ளைக்குக் கெட்ட பெயர் வராது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பேச 'டிங்கிள் ஃபிரண்ட்' உதவி எண் இருக்கிறது: 1800 2744 788. பெரியவர்களும் பதின்ம வயதினரும் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும், விளையாட்டாகச் சொன்னதுபோல் தெரிந்தாலும், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாளே உதவி கேளுங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

பேச்சு முடிந்தபோது, முன்பு என்னிடம் கேள்வி கேட்ட அதே தாயார் பின்வரிசையில் இருந்து வந்தார். கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து, "இது என்னன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா. மகள் சொன்னா, ஆனா..." என்று நிறுத்தினார். வகுப்புச் சுற்றுலாவுக்கான ஒப்புதல் கடிதம். திருப்பித் தர வேண்டிய தேதி கடந்து இரண்டு நாளாகிவிட்டது. மகள் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று நினைத்து மறைத்தாளா, மறந்தேபோனாளா, எனக்குத் தெரியாது. நாளைக் காலையில் பள்ளி அலுவலகத்தை அழையுங்கள் என்றேன். "அழைச்சு என்னன்னு சொல்றது?" என்றார். ஒரு துண்டுத் தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "குட் மார்னிங். ஐ ஆம் எ பேரன்ட். ப்ளீஸ், கேன் ஐ ஸ்பீக் டு எ தமிழ் டீச்சர்?" அங்கேயே நின்று இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, அதைக் கடிதத்தோடு சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.